ஆள் வருது

கம்பெனியில் எங்கள் லைனில் யாராவது முதல் முறையாக நெடுந்தூர ரயிலில் போகிறார்கள் என்றால் அவர்களை என்னிடம்தான் அனுப்புகிறார்கள். நான்தான் தில்லிப் பக்கம் வரைக்கும் போய் வந்தவளாம். என்னென்ன எடுத்துக்கொண்டு போவது, கக்கூஸ் எப்படி இருக்கும், சாப்பாடு கிடைக்குமா, பையைச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். இதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான். டி.டி.ஆர். வந்து பெயரைச் சரிபார்க்கும் வரைக்கும் உன் இடத்தை விட்டு எழுந்திருக்காதே. "அவ்ளோதானாக்கா?" என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. அது இவர்கள் மேல் இல்லை, அக்காவின் மேல்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. நான் சேர்ந்தபோதே ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட்டில் இருந்தாள். கம்பெனி பஸ் கிருஷ்ணகிரியில் கிளம்பும். அவள் அங்கேயே ஏறிவிடுவாள். நான் குந்தாரப்பள்ளியில் ஏறுவேன். அதற்குள் பஸ் நிறைந்திருக்கும். அங்கிருந்து ஏறுகிறவர்கள் ஓசூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு மட்டும் ஐந்து வருஷமும் சீட் இருந்தது.

ஏறியதும் அக்கா முதலில் ஒரு சீட்டில் சாப்பாட்டுப் பையை வைப்பாள். அடுத்ததில் தண்ணீர் பாட்டில். அதற்கடுத்ததில் கர்ச்சீப். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட ஆம்பளை கர்ச்சீப் அது. யாராவது உட்காரப் போனால் தலையைத் திருப்பாமலே, "ஆள் வருது" என்பாள். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் விளக்கம் கிடையாது. யார் வருவது, எங்கே ஏறுவது, இன்றைக்கு வேலைக்கு வருகிறாளா லீவா, ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒருநாள் சூளகிரி வரைக்கும் அந்த சீட்டுக்கு யாருமே வரவில்லை. நின்றுகொண்டிருந்த தருமபுரிப் பெண் ஒருத்தி கர்ச்சீப்பை எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டாள். அக்கா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் எடுத்து வந்தாள். ஹைவேயில் அவள் ஓடியதைப் பார்த்து பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போயிற்று.

நன்றி கெட்டவள் என்று நினைக்காதீர்கள். தினமும் ஒருத்தி நமக்காகச் சண்டை போட்டுப் பிடித்து வைத்த சீட்டில் உட்காருவது அவ்வளவு சுகமில்லை. ஏறியதும் நிற்கிறவர்கள் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கும் சில நாள் பின்னால் இருக்கும் என் வயசுப் பெண்களோடு நின்றுகொண்டு கதை பேச ஆசையாக இருக்கும். முடியாது. "ஏ புள்ள, இங்க வா, இடம் புடிச்சாச்சு" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். போகாவிட்டால் முகம் சுருங்கிவிடும். அதற்கும் பயந்துகொண்டு போய் உட்காருவேன்.

பஸ்ஸோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கேன்டீனில் கோழிக்குழம்பு போடும் புதன்கிழமை நான்கு தட்டை மேஜையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு காவல் இருப்பாள். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்ததும் அவள் எழுந்து போவாள், குழம்பு தீர்ந்திருக்கும், ரசம் ஊற்றிக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு முதல் ஆளாகப் போய் முன் பெஞ்சில் ஜெபப் புத்தகங்களைப் பரப்பி வைப்பாளாம். லேட்டாக வருகிறவர்களையெல்லாம் அங்கே உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் இவள் வாசலோரம் நிற்பாளாம். சாமியார் ஒருமுறை, "ஏம்மா, பரலோகத்துலயும் துண்டு போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டாராம். இதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

என் மாமியாருக்கு ஸ்கேன் எடுக்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, நான் கேட்காமலே லீவு போட்டுவிட்டு எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தாள். வரிசையில் எல்லாரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் செருப்பு ஐந்தாவது இடத்தில் இருந்தது. "உங்க அத்தைக்கு" என்றாள். மாமியாரை உள்ளே அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் செருப்பைக் காணோம். யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு முழுக்க வெயிலில் வெறுங்காலோடு நடந்தாள். புதுச் செருப்பு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்டவளோடுதான் நான் ரயிலில் போனேன்.

எங்கள் கம்பெனிக்குத் தில்லிக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபேக்டரி இருக்கிறது. அங்கே ஒரு வாரம் பயிற்சி, முதல் நாளே ஒரு செய்முறைத் தேர்வு. எங்கள் லைனிலிருந்து அக்காவையும் என்னையும் எடுத்திருந்தார்கள். தேர்வில் யார் நன்றாகச் செய்கிறார்களோ அவளை லைன் ட்ரெய்னர் ஆக்கிப் பர்மனென்ட் செய்வார்கள். ஆள் இரண்டு, வேலை ஒன்று. கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களுக்குப் பர்மனென்ட் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வருஷா வருஷம் மார்ச் மாதம் வந்தால் அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று பயந்து சாக வேண்டாம். அவ்வளவுதான், அதுவே பெரிது.

தேர்வு என்னவென்றும் தெரியும். அரிசிக் குறுநொய் அளவு பாகத்தை இடுக்கியால் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே போர்டில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இருபது பாகம். கை நடுங்கக் கூடாது. எங்கள் லைனிலேயே அக்காவின் கைதான் நிதானமான கை. சூப்பர்வைசரே புதிதாக வருகிறவர்களைக் கூட்டி வந்து அவள் கையைக் காட்டுவார். எனக்கு அவள் அளவுக்கு வராது, ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்தால் வரும். ஒருநாள் தூக்கம் கெட்டாலும் இடுக்கி முனை ஆடும். எனவே ரயிலில் இரண்டு ராத்திரியும் ஒழுங்காகப் படுத்துத் தூங்க வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

லேபர் கான்ட்ராக்டர் டிக்கெட் எடுத்தார். அக்காவுக்கு முதலிலேயே எடுத்துவிட்டார். எஸ் டூ பெட்டி, முப்பத்தைந்து, மேல் படுக்கை. என் பெயர் பின்னால் சேர்ந்ததால் எனக்கு ஆர்.ஏ.சி. கிடைத்தது. எஸ் ஃபைவ், ஜன்னலோரம் பக்கவாட்டில் இருக்கும் கீழ்ப் படுக்கையில் பாதி. இன்னொரு பாதி வேறு யாருக்கோ. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தே போக வேண்டும். "யாராச்சும் வரலன்னா ஃபுல் பெர்த் குடுத்துருவாங்கம்மா" என்று கான்ட்ராக்டர் சொன்னார்.

எங்கள் மாவட்டத் தலைநகரத்துக்கு ரயில் கிடையாது. எங்கே போவதென்றாலும் பஸ்தான். அக்கா நாற்பத்திரண்டு வயசு வரைக்கும் ரயிலில் ஏறியதில்லை. அவளைப் பொறுத்தவரை ரயில் என்பது நீளமான பஸ். "டிரைவர் டீ குடிக்க எங்க நிறுத்துவாரு?" என்று கேட்டாள். சனிக்கிழமை பெங்களூரில் ரயில் மெதுவாகப் பிளாட்பாரத்துக்கு வந்தபோது, நான் பிடிப்பதற்குள் கூட்டத்தை இடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். ஒரு ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கர்ச்சீப்பைப் போட்டாள். திரும்பி என்னைப் பார்த்து, "புடிச்சாச்சு!" என்றாள். அது எஸ் ஃபோர்.

"அக்கா, நம்பர் போட்டு இடம் இருக்குது. ஓடவே வேணாம்" என்றேன்.

"நம்பர் இருந்தா? முன்ன உக்காந்தவன் எந்திரிப்பானா?"

கர்ச்சீப்பை எடுத்து வரவே பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு எஸ் டூவில் அவள் இடத்தைக் காட்டினேன். மேல் படுக்கையில் பையை வைத்தாள், பக்கத்தில் கர்ச்சீப்பை விரித்தாள், நாலு மூலையையும் இழுத்து விட்டாள். எதிரில் இருந்தவர்களிடம், "ஆள் வருது" என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொன்னாள். சொல்லிவிட்டு என்னோடு எஸ் ஃபைவுக்குக் கிளம்பினாள்.

"நீ எங்க வர?"

"அந்தப் பாதில யாரு வந்து உக்காருவானோ. நான் உக்காந்துக்கறன். நீ காலை நீட்டு."

வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, என் இரண்டு காலையும் பிடித்து இழுத்துத் தன் பக்கம் நீட்டி வைத்தாள். வழியில் யார் வந்து அந்தப் பாதியைப் பார்த்தாலும், "ஆள் வருது". புளிச்சோறு சாப்பிட்டோம். ஏரிகள், கம்பெனிகள், திராட்சைத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் சந்தோஷமாக இருந்தாள். உண்மையைச் சொன்னால் நானும்தான். கால் நீட்டிக்கொண்டு ஜன்னலில் காற்று வாங்குவது சுகமாக இருந்தது. அதனால்தான் அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

இந்துப்பூரில் ஒரு பெரியவர் ஏறினார். அந்தப் பாதி அவருடையது. டிக்கெட்டைக் காட்டினார். அக்கா கன்னடத்தில், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், என்றாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அக்கா எழுந்திருக்கவா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே டி.டி.ஆர். வந்துவிட்டார். கையில் இருந்த மெஷினைத் தட்டிப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கேட்டார். ஆமாம் என்றேன். "உங்களுக்கு ஃபுல் பெர்த் வந்துருச்சும்மா" என்று தெலுங்கில் சொன்னார். எனக்கு அப்படியே உயிர் வந்தது. "எஸ் டூ. முப்பத்தஞ்சு."

ஒரு நொடி எனக்கே விளங்கவில்லை. அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது.

"சார், முப்பத்தஞ்சு என்னுது."

டி.டி.ஆர். அவள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு தடவை வந்து பாத்தேன். ஆளே இல்ல. வரலன்னு போட்டுட்டேன்."

"பேகு பெட்டினா கதா சார்!" என்றாள் அக்கா. பிறகு அவருக்குப் புரியாத தமிழிலும் அதையே சொன்னாள். "பை வச்சிருந்தனே! கர்ச்சீப்பு போட்டிருந்தனே!"

"பைக்காம்மா டிக்கெட்டு எடுத்தீங்க?" என்று கேட்டார் அவர். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. சலித்துப்போன குரலில்தான் கேட்டார். மெஷினில் ஏற்றியதை மாற்ற முடியாது என்றார். வேறு காலி கிடையாது என்றார். கடைசியில், "ரெண்டு பேரும் ஒரே ஊருதானே, உங்களுக்குள்ள பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். பெரியவர் மெதுவாக உட்கார்ந்தார். என் பாதியும் இனி என்னுடையது இல்லை. அதற்கும் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

எஸ் ஃபைவிலிருந்து எஸ் டூ வரைக்கும் நடந்து போகிற வழியெல்லாம் அக்காவைத் திட்டினேன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இரும்புச் சத்தத்தில் நின்றுகொண்டு கத்தினேன். "உன்ன யாரு இடம் புடிக்கச் சொன்னது? ஒருநாளாவது நான் கேட்டனா? பஸ்ஸுல கேட்டனா, ஆஸ்பத்திரில கேட்டனா? இருந்த இடத்தையும் தொலைச்சிட்டு நிக்கற!"

அவள், "கால நீட்டிட்டு வருவியேன்னு பாத்தன்" என்று மட்டும் சொன்னாள்.

முப்பத்தைந்தில் பை வைத்தது வைத்தபடி இருந்தது. கர்ச்சீப்பின் ஒரு மூலைகூட மடங்கவில்லை. அவ்வளவு தூரம் ஒருத்தரும் தொடவில்லை. அக்கா பையைக் கீழே இறக்கினாள். கர்ச்சீப்பால் படுக்கையைத் துடைத்தாள். "ஏறு" என்றாள்.

நான் கீழே நின்றபடி, "நீ படுக்கா. உன்னோட இடந்தானே" என்றேன்.

"வேணாம் கண்ணு. உன் பேருலதான வந்திருக்குது. ஏறு."

ஏறிவிட்டேன்.

குண்டக்கல் தாண்டிய பிறகு அவளுடைய மூன்று பாஷையும் செல்லவில்லை. கீழ் சீட்டில் இருந்த இந்திக்காரர்கள் பகலில் ஓரமாக உட்கார இடம் கொடுத்தார்கள். அவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கண் விழித்துக் கீழே பார்த்தபோது, நடுவில் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, படுக்கையின் ஓரத்தில் தலையைச் சாய்த்திருந்தாள். பல் தேய்க்கப் போகிறவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். தூங்கவில்லை. என்னைப் பார்த்ததும், "நல்லா தூங்கினியா?" என்று கேட்டாள். நல்லா தூங்கினேன் என்றேன். அதுதான் உண்மை. பகலில் கொஞ்ச நேரம் மேலே வந்து படு என்று சொல்லியிருக்கலாம். பகலிலும் எனக்குத் தூக்கம் வந்தது. திங்கள் காலையிலும் அதே இடத்தில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் வீங்கியிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து நேரே கூட்டிப்போய்க் குளித்துச் சாப்பிட வைத்து, பதினோரு மணிக்குத் தேர்வில் உட்கார வைத்துவிட்டார்கள். அக்கா எனக்குப் பக்கத்து மேஜை. மூன்றாவது பாகத்திலேயே அவள் இடுக்கியிலிருந்து ஒன்று நழுவி விழுகிற சத்தம் கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு சின்னப் பொருள். ஆனால் வருஷக்கணக்காக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. ஒருநாளும் அவள் எதையும் நழுவ விட்டதில்லை. மறுபடியும் விழுந்தது. வலது கை மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு செய்து பார்த்தாள். இருபதில் பதினொன்றுதான் முடித்தாள். நான் இருபதையும் முடித்தேன்.

அவள் அழுதிருந்தால், என் மேல் ஒரு வார்த்தை பழி சொல்லியிருந்தால், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி வந்து கம்பெனி பஸ்ஸில், "எங்க புள்ளைக்குப் பர்மனென்ட் ஆயிருச்சு" என்று டிரைவர் முதற்கொண்டு எல்லாரிடமும் சொன்னாள். "உனக்கு என்னக்கா ஆச்சு?" என்று கேட்டவர்களிடம், "நான் ரயில்ல கர்ச்சீப்பு போட்டுட்டுப் போயிட்டன்" என்று அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கிச் சொன்னாள். பஸ் முழுக்கச் சிரித்தது. டி.டி.ஆர். மாதிரி குரல் மாற்றி, "பைக்காம்மா டிக்கெட்டு?" என்று நடித்துக்கூடக் காட்டினாள். அடுத்த நாளும் குந்தாரப்பள்ளியில் எனக்கு சீட் இருந்தது. நான் அவளோடு சரியாகப் பேசுவதை நிறுத்தினேன். அடுத்த மாதமே பர்மனென்ட் ஆட்கள் போகிற வேறு பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். அதில் ஆளுக்கொரு சீட் உண்டு, யாரும் யாருக்கும் பிடித்து வைக்க வேண்டியதில்லை.

அடுத்த மார்ச்சில் அக்காவின் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. போச்சம்பள்ளிப் பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். இப்போது அங்கேயும் இல்லையாம். ஃபோன் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால், "எப்பிடி இருக்கற கண்ணு?" என்பாள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

என் வீட்டுக்காரரிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் நியாயமான மனுஷர். "நீ படுன்னு சொன்னல்ல? அவங்கதானே வேணாம்னாங்க. நீ என்ன பண்ணுவ?" என்பார். அது சரிதான். நான் சொன்னேன், அவள் வேண்டாம் என்றாள். யார் கேட்டாலும் என் பக்கம்தான் நியாயம்.

ஆனால் எங்கள் பக்கத்தில், வீட்டுக்கு வந்தவரிடம் காபி சாப்பிடுறீங்களா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவை கேட்டால் எதுக்குங்க சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்காமலே கையில் கொடுத்துவிட வேண்டும். முதல் வேண்டாமுக்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை என்பது எங்களில் எல்லாருக்கும் தெரியும். அக்கா எதற்குமே முதல் தடவையில் சரி என்று சொன்னவள் இல்லை. அவளோடு ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு அது தெரியாதா? தெரியும். அந்தப் படுக்கைக்குக் கீழே நின்றபோதும் தெரியும்.

நான் ஒரு தடவைதான் கேட்டேன்.